பாலைவனத்தில் ஹவலீனா வேட்டை: தேடுவதிலிருந்து சமையல்வரை

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவலீனா வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் பலர் குறி பிசகியவர்கள்கூட இல்லை. ஒரு விலங்கைக் கண்ணால் பார்க்காமலே திரும்பியவர்கள். கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நெருங்குவது அவ்வளவு கஷ்டமில்லை. கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. இந்த வழிகாட்டியில் அதிக இடம் அதற்கே போகிறது.

முதலில் விலங்கைப் பற்றி. பார்க்கச் சின்னக் காட்டுப்பன்றி போல இருக்கும், ஆனால் பன்றிக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. பெக்கரி என்ற தனிக் குடும்பம். வளர்ந்தது 16 முதல் 25 கிலோ வரை இருக்கும், தோள் உயரம் சுமார் அரை மீட்டர். கறுப்பும் சாம்பலும் கலந்த முரட்டு மயிர், கழுத்திலிருந்து தோளைச் சுற்றி வெளிறிய பட்டை. கோரைப்பற்கள் பன்றிக்குப் போல வளைந்து வெளியே வராமல் நேராக மேலும் கீழும் இறங்கும். மேல்பல்லும் கீழ்பல்லும் உரசிக்கொண்டே இருப்பதால் எப்போதும் கூர்மையாக இருக்கும். முதுகின் பின்பகுதியில், வாலுக்கு ஒரு சாண் முன்னால், தோலில் ஒரு வாடைச் சுரப்பி உண்டு. கூட்டத்தில் இரண்டு விலங்குகள் தலையும் வாலுமாக நின்று ஒன்றின் சுரப்பியில் மற்றொன்று கன்னத்தையும் கழுத்தையும் தேய்த்துக்கொள்ளும். யார் நம் கூட்டம், யார் அயலான் என்பதெல்லாம் அந்த வாடையில்தான். கண் மிக மந்தம். எழுபது எண்பது மீட்டரில் அசையாமல் நிற்கும் மனிதனைக்கூட அடையாளம் கண்டுகொள்ளாது. காது சுமார். மூக்கு பிரமாதம். நெருங்கும்போது செய்ய வேண்டியது, தோலுரிக்கும்போது கவனிக்க வேண்டியது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இன்னொன்றும் நமக்குச் சாதகம்: இவை ஊர் சுற்றுவதில்லை. எட்டு பத்து விலங்குகள் கொண்ட ஒரு கூட்டம் இரண்டு மூன்று சதுர கிலோமீட்டருக்குள் வருடம் முழுவதும் காலம் தள்ளும். நேற்றுப் பார்த்த கூட்டம் இன்று பெரும்பாலும் அடுத்த சரிவில்தான் இருக்கும்.

அனுமதி

அரிசோனா கேம் அண்ட் ஃபிஷ் துறை குலுக்கல் முறையில் டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) தருகிறது. வசந்தகால வேட்டைக்கான விண்ணப்பம் முந்தைய இலையுதிர் காலத்தில், வழக்கமாக அக்டோபரில், முடிந்துவிடும். ஜனவரியில் வில்; பிப்ரவரியில் கைத்துப்பாக்கி, வில், குழலின் வாய்வழியாக வெடிமருந்து கிட்டிக்கும் துப்பாக்கி மூன்றுக்கும் சேர்த்து ஒரு பருவம், இதை ஹாம் ஹன்ட் என்பார்கள்; பிறகு ரைஃபிளுக்கான பொதுப் பருவம். குலுக்கலில் மிஞ்சிய டேக்குகள் பின்னால் முதலில் கேட்பவருக்கு என்று விற்பனைக்கு வரும், ஹவலீனாவுக்கு அப்படி மிஞ்சுவது சகஜம். ஒரு டேக்குக்கு ஒரு விலங்கு, ஒரு காலண்டர் வருடத்தில் மொத்தம் இரண்டு. தேதிகளும் யூனிட் (வேட்டை மண்டலம்) எல்லைகளும் வருடாவருடம் மாறும் என்பதால் அந்த வருட விதிப்புத்தகத்தைப் படிக்காமல் கிளம்ப வேண்டாம். டெக்சஸில் குலுக்கல் இல்லை, ஆனால் நிலம் பெரும்பாலும் தனியார் கையில். உரிமையாளர் அனுமதியும் கட்டணமும் இல்லாமல் உள்ளே போக முடியாது. அரிசோனாவில் பொதுநிலம் ஏராளம் என்பதால் இங்கே அதையே எடுத்துக்கொள்கிறோம்.

இங்கே அடிக்கடி அபராதம் வாங்கித் தரும் மூன்று விதிகள்: இரை வைத்து ஈர்க்கக்கூடாது. வேட்டைக்கு உதவியாக ட்ரெயில் கேமரா (விலங்கு வந்தால் தானாகப் படமெடுப்பது) வைக்கக்கூடாது, 2022 ஜனவரி முதல் தடை. தண்ணீர்க் குட்டைக்கோ தொட்டிக்கோ கால் மைலுக்குள் கூடாரம் போட்டு விலங்குகளை மறிக்கக்கூடாது.

ஃபீனிக்ஸ், சாண்ட்லர் பக்கம் எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பவருக்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியான நாளே விலக்கும் போய்விடும். விசாவைப் பணயம் வைக்கும் விஷயம் என்பதால் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தொடுங்கள். வில் எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

எந்த இடம்

டூசானைச் சுற்றியுள்ள யூனிட் 33, தெற்கே எல்லைப் பக்கம் 36ஏ, 36பி, 36சி, வடக்கே ஃபுளோரன்ஸ், மாமத் பக்கம் 37பி, குளோப் அருகே 24பி ஆகியவை பேர்போன இடங்கள். எந்த யூனிட்டாக இருந்தாலும் தேட வேண்டிய நிலம் ஒன்றுதான்: மலையடிவாரம், சப்பாத்திக்கள்ளி அடர்ந்த சரிவுகள், அவற்றுக்கு நடுவே வறண்ட மணல் ஓடைகள், ஓடைக்கரையில் மெஸ்கீட் மரங்கள். மெஸ்கீட் நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் உறவு, நிழலும் காயும் தரும். சப்பாத்திக்கள்ளி சாப்பாடும் தண்ணீரும். ஆனைக்கற்றாழைக் குடும்பத்துச் செடிகளின் குருத்து, கிழங்குகள், ஓக் மரம் உள்ள உயரங்களில் அதன் கொட்டைகள் எல்லாம் தின்னும். கிரியோசோட் புதர் மட்டும் நிற்கும் தட்டைச் சமவெளியில் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

தடயம்

கள்ளி மடல்தான் முதல் சாட்சி. முயல் கடித்தால் விளிம்பு சின்னச் சின்ன வளைவுகளாகச் சீராக வெட்டுப்பட்டிருக்கும். ஹவலீனா கடித்து இழுக்கும், பாதி மடல் கிழிந்து போய், மிச்சத்தில் நார் நாராகத் தொங்கும். அந்த நாரைத் தொட்டுப் பாருங்கள். பச்சையாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் அன்று காலையோ முந்தைய இரவோ தின்றது. வெளுத்து விளிம்பு சுருங்கத் தொடங்கியிருந்தால் ஓரிரு நாள். பழுப்பேறித் தோல் கட்டியிருந்தால் அந்தக் கள்ளியை மறந்துவிடலாம். குளிர்காலத்தில் காய்வது மெதுவாக நடக்கும் என்பதால் நிழலில் உள்ள மடலை வைத்து முடிவு கட்டாமல் வெயில் படும் மடலைப் பாருங்கள்.

ஓடை மணலில் காலடி பதியும். நீளம் மூன்று நான்கு சென்டிமீட்டர், முனை மழுங்கல். மான் குளம்பு இதைவிட நீளம், முனை கூர்மை. ஒரே இடத்தில் ஒரே அளவு காலடிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கலைந்திருந்தால் கூட்டம் நடந்திருக்கிறது. கற்றாழையைத் தோண்டி மட்டைகளைச் சுற்றி இறைத்திருப்பதும், ஆழமில்லாமல் மண்ணைக் கிளறியிருப்பதும் கூடுதல் அடையாளங்கள். பாறைத் தாழ்வாரத்தின் கீழும் குகை வாயிலிலும் மண் குழிந்து, எச்சம் சேர்ந்து, ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சும் சிறு விலங்கு) வாடை அடித்தால் அது படுக்கை. அதற்குள் இறங்கிக் கிளறாதீர்கள். மனித வாடை ஏறினால் கூட்டம் சில நாள் இடம் மாற்றிவிடும். எதிர்ச் சரிவில் உட்கார ஓர் இடம் பார்த்து வைத்துக்கொண்டு திரும்புங்கள்.

பைனாகுலரோடு உட்காருவது

ஹவலீனாவின் மயிர் குளிரைத் தாங்காது. ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் படுத்துக் கிடக்கும். வெயில் பட்டதும் எழுந்து சூடான சரிவுக்கு வரும். ஆகவே மான் வேட்டைக்காரர்போல இருட்டிலேயே பதற வேண்டியதில்லை. டூசான் பக்கம் ஜனவரியில் சூரியன் ஏழே காலுக்கு மேல்தான் எழும். அங்கிருந்து பத்து மணிவரை பொன்னான நேரம். கிழக்கையும் தெற்கையும் பார்த்த சரிவுகளில் முதல் வெயில் விழும் பட்டையைக் குறிவையுங்கள். கடுங்குளிர் நாளில் நடுப்பகல்வரை மேயும். பிப்ரவரி இறுதியில் பகல் சூடேறினால் ஒன்பதரைக்கே ஓடை நிழலுக்குப் போய்விடும், மறுபடி மாலை நான்குக்கு மேல் வரும்.

சூரியனை முதுகுப் பக்கம் வைத்து, எதிர்ச் சரிவுகள் 400 மீட்டரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்வரை விரியும் மேட்டில் உட்காருங்கள். உச்சிக்கோட்டில் வேண்டாம், சற்றுக் கீழே. 10x42 பைனாகுலர் போதும். 15x56 இருந்தால் தூரச் சரிவுகளுக்கு நல்லது. எதுவானாலும் ட்ரைபாடில் மாட்டுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கையில் பிடித்த பைனாகுலரில் படம் துடித்துக்கொண்டே இருப்பதால் விலங்கின் சின்ன அசைவு அந்தத் துடிப்பிலேயே காணாமல் போகும். ட்ரைபாடில் காட்சி நின்றுவிட்டால் அசைவது விலங்கு மட்டும்தான்.

முதலில் அருகில் உள்ள இடங்களை வெறுங்கண்ணால் ஒரு சுற்று. பிறகு சரிவை இடமிருந்து வலமாகப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு காட்சியிலும் ஐந்து விநாடி நின்று, முந்தைய காட்சியின் கால்பங்கு அடுத்ததிலும் தெரியும்படி நகர்த்துங்கள். முழு விலங்கு கண்ணில் படும் என்று காத்திருக்காதீர்கள். கள்ளிப் புதருக்கு நடுவே ஒரு கறுத்த கிடைக்கோடு, எரிந்த மரக்கட்டை போல ஒன்று, காற்றில்லாமல் அசையும் மடல், இவைதான் கிடைக்கும். பாறை நிழல்கள் நிறைய ஏமாற்றும். சந்தேகமான கறுப்பை விட்டு நகர்ந்து, ஐந்து நிமிடம் கழித்து அதே இடத்துக்கு வாருங்கள். நிழல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு சரிவை ஒரே முறை பார்த்து “ஒன்றுமில்லை” என்று எழுந்து போவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மேயும் விலங்கு பாதி நேரம் புதருக்குப் பின்னால் தலையைக் கவிழ்த்து நிற்கும். அதே சரிவை மூன்று முறை பாருங்கள். ஓர் இடத்தில் முக்கால் மணியாவது இருங்கள். நடந்துகொண்டே தேடினால் உங்கள் வாடை ஓடைகளெல்லாம் பரவி, நீங்கள் பார்ப்பதற்கு முன்பே கூட்டம் கிளம்பிவிடும்.

ஒன்று தெரிந்தால் மற்றவற்றையும் எண்ணுங்கள். பத்து நிமிடம் எழாதீர்கள். தலை கவிழ்த்து மேய்ந்தபடி கலைந்து நிற்கிறதா, வரிசையாக நடக்கிறதா? மேயும் கூட்டம் ஒரு மணி நேரத்தில் நூறு இருநூறு மீட்டர்தான் நகரும், நிதானமாகப் போகலாம். வரிசையாக நடந்தால் படுக்கைக்குப் போகிறது, பின்தொடராமல் முன்னால் மறித்துப் போக வழி பாருங்கள். கிளம்புமுன் அந்தச் சரிவை ஃபோனில் படமெடுத்து, கூட்டத்துக்கு அருகிலுள்ள வித்தியாசமான ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: மூன்று கை உள்ள சகுவாரோ (தூண்போல உயர்ந்த கள்ளி), வெள்ளைப் பாறை, எதுவும். ஓடையைக் கடந்து எதிர்ப்பக்கம் ஏறியதும் எல்லாச் சகுவாரோவும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நெருங்குவது

காற்று எங்கிருந்து வருகிறது என்பதை ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒருமுறை பாருங்கள். வாசனையில்லாத பொடி அடைத்த சின்னப் பிதுக்குக் குப்பி போதும். அதிகாலையில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து கீழே வழியும், வெயிலேறி நிலம் சூடானதும் மேலே எழும். இரண்டுக்கும் இடையில் ஓர் அரைமணி நேரம் காற்று சுழன்று குழம்பும். அந்த அரைமணியில் நெருங்க முயன்று கெட்டுப்போன வேட்டைகள் எக்கச்சக்கம். பொடி ஒரு திசையில் சீராகப் போகும்வரை உட்கார்ந்திருங்கள், கூட்டம் எங்கும் போகாது. காற்று உங்கள் முகத்திலோ பக்கவாட்டிலோ படும்படி சுற்றுவழி எடுங்கள், ஒரு கிலோமீட்டர் கூடுதலானாலும் சரி.

கடைசி நூறு மீட்டரில் சரளைக்கல் சத்தம்தான் எதிரி. இவை கள்ளியைக் கடித்து மெல்லும் சத்தமும் உறுமலும் உங்களுக்கே கேட்கும். அந்தச் சத்தம் வரும்போது அடி வையுங்கள், நின்றால் நில்லுங்கள். ஒன்று தலை தூக்கிப் பார்த்தால் உறைந்து நிற்க வேண்டும். ஒளியப் பாய்ந்தால் மந்தக் கண்ணுக்கும் அசைவு தெரிந்துவிடும். இரண்டு நிமிடத்தில் மறுபடி மேயத் தொடங்கும். ஒரே விலங்கில் கண்ணை ஒட்டவைத்துப் போனால், பக்கத்துப் புதரில் படுத்திருக்கும் இன்னொன்றை மிதிக்காத குறையாகக் கிளப்பிவிடுவீர்கள். பத்து மூக்கு இருக்கிறது, ஓரத்தில் நிற்கும் மூக்குதான் ஆபத்து.

வாடை பட்டதும் “வூஃப்” என்று ஒரு குரைப்பு, பல்லோடு பல் மோதும் டக் டக் சத்தம், பிடரி சிலிர்ப்பு, பிறகு நாலாப்பக்கமும் ஓட்டம். உங்களை நோக்கியும் ஒன்றிரண்டு வரும். பெரும்பாலும் அது தாக்குதல் இல்லை, உங்களைப் பார்க்காமலே தப்பி ஓடுவது, விலகி நில்லுங்கள். நாயைக் கூட்டிப்போனால் கதை வேறு. கயோட்டிகள்மேல் (ஓநாய் இனச் சிறு விலங்கு) இவற்றுக்குள்ள ஜன்மப் பகை நாயிடம் திரும்பும், அந்தப் பற்கள் நாயைக் கிழித்துவிடும்.

கூட்டம் சிதறிவிட்டால் உடனே, அப்போதே, வாயால் ஊதும் அழைப்பானை எடுத்துக் குட்டி கதறுவதுபோல விடாமல் ஊதுங்கள். சிதறியவை குரல் கேட்டு மயிர் சிலிர்க்கத் திரும்பி வருவது உண்டு, சில நேரம் பத்தடிக்கே. பத்து நிமிடம் தாண்டி ஊதினால் பலன் குறைவு.

எய்வதும் சுடுவதும்

வில்லுக்கு 20, 30 மீட்டர். மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கு 75. ரைஃபிளுக்கு 150 வரை தாராளம். வில்லின் இழுவிசை சட்டப்படி குறைந்தது 30 பவுண்டு, 40க்கு மேல் வைத்துக்கொள்வது விவேகம். ரைஃபிளில் .243 வின்செஸ்டர் நிறையப் போதும், பெரிய தோட்டா கறியைத்தான் வீணாக்கும்.

விலங்கு சின்னது என்பதால் தூரம் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும், ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் காட்டும் கருவி) இல்லாமல் எய்யாதீர்கள். அதைவிடப் பெரிய ஏமாற்று அந்த முதுகு மயிர். சிலிர்த்து நிற்கும்போது உடலின் மேல்பகுதியில் நாலு விரல் உயரம் வெறும் மயிர்தான். நடு உடல் என்று நினைத்து அடித்தால் குறி நினைத்ததைவிட மேலே போகும். இதயமும் நுரையீரலும் தாழ்வாக, முன்னால் இருக்கின்றன, மொத்தமே ஒரு விரித்த கை அகலம். முன்னங்காலை ஒட்டிப் பின்பக்கம், கீழிருந்து மூன்றிலொரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள். பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுங்கள். பின்னால் வேறு விலங்கு இருந்தால் வேண்டாம், அம்பும் தோட்டாவும் ஊடுருவிப் போய் இரண்டை வீழ்த்தும், உங்களிடம் டேக் ஒன்றுதான்.

ஆணையும் பெண்ணையும் தூரத்திலிருந்து பிரித்தறிவது கிட்டத்தட்ட முடியாது, சட்டமும் கேட்பதில்லை. ஆனால் வருடம் முழுவதும் குட்டி ஈனும் விலங்கு இது. செம்பழுப்புக் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டே நடந்தால் அது தாய். வேறொன்றைப் பாருங்கள்.

அம்பு பட்டதும் அரைமணி காத்திருங்கள். மற்றவை அங்கேயே குழம்பிச் சுற்றும், பட்டது எது என்பதில் கண் வையுங்கள். காயப்பட்டது தாழ்ந்த புதருக்குள் புகுந்திருந்தால் தவழ்ந்து உள்ளே போகாதீர்கள்.

தோலுரிப்பது

“ஹவலீனா கறி நாறும்” என்பவர்கள் பெரும்பாலும் உரித்த விதத்தால் நாறவைத்தவர்கள். முதலில் டேக்கைக் கட்டுங்கள், பிறகு நைட்ரைல் கையுறை. பலரும் சுரப்பியைத் தனியாக வெட்டி எடுக்கப் பார்ப்பார்கள், அதைச் செய்யாதீர்கள். அது தோலோடு ஒட்டியது, தோலை உரித்தால் தானாக வந்துவிடும். கத்தி வைத்தால்தான் எண்ணெய் வழிந்து கத்தியில் ஏறும். சுரப்பி ஒரே இடத்தில் இருந்தாலும், ஒன்றையொன்று தேய்த்துக்கொள்வதால் கழுத்து மயிர் முழுக்க அந்த வாடைதான். ஆகவே மயிரைத் தொட்ட கை கறியைத் தொடக்கூடாது.

குடலை நீக்கி, பின்னங்கால்களில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு கத்தி தோலுக்கு, இன்னொன்று கறிக்கு. தோலின் உள்ளிருந்து வெளியே வெட்டினால் மயிர் துண்டாகிக் கறியில் விழாது. ஒரு கையால் தோலை வெளிப்பக்கம் சுருட்டிப் பிடித்து இழுத்தபடி கழுத்துவரை இறக்குங்கள். தோல் முழுதாகக் கழன்றதும் கையுறையை மாற்றுங்கள். ஒட்டியிருக்கும் மயிரைப் பொறுக்கி எடுத்துவிட்டு, இரண்டாவது கத்தியால் பின்தொடை, தோள், முதுகுச் சதை என்று பிரித்துத் துணிப்பையில் போட்டு உடனே குளிரவையுங்கள். பிப்ரவரியிலும் பாலைவன மதியம் 25 டிகிரி தொடும், ஐஸ்பெட்டி வண்டியிலேயே தயாராக இருக்கட்டும். எலும்பு நீக்கினால் ஆறேழு கிலோ கறி தேறும். உண்ணத்தக்க கறியை வீணாக்குவது அங்கே குற்றம். மயிரில் தெள்ளுப்பூச்சி நிறைய இருக்கும், குளிர்ந்த உடலைவிட்டு உங்கள்மேல் ஏறும். உரித்த உடையைத் தனிப்பையில் கட்டுங்கள்.

பாலைவனத்துக்கென்று மூன்று பொருள்: ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், ஓர் அகலப்பல் சீப்பு, ஒரு குறடு. சோய்யாக் கள்ளியின் முள்ளுருண்டை உடம்பில் ஒட்டினால் கையால் பிடுங்காதீர்கள், கையில் ஒட்டும். சீப்பை அடியில் நுழைத்து உதறித் தள்ளி, மிச்ச முள்ளைக் குறடால் எடுங்கள். பிப்ரவரி இறுதியில் சூடான நாளில் பாறையிடுக்கில் கிலுகிலுப்பைப் பாம்புகள் வெளியே வந்திருக்கும், கை வைக்குமுன் பாருங்கள்.

சமையலுக்கு: கொழுப்பில்லாத கறி, அப்படியே வறுத்தால் செருப்புத்தோல். இரவு முழுக்க உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, தோளையும் தொடையையும் மூடிய பாத்திரத்தில் குறைந்த தீயில் ஐந்தாறு மணி நேரம் வேகவிடுங்கள், நார் நாராகப் பிரியும். அரைத்துச் சொரீசோ (காரமான தொத்திறைச்சி) செய்தால் கால் பங்கு பன்றிக் கொழுப்பு சேர்க்க வேண்டும். காட்டுக்கறி என்பதால் ஒட்டுண்ணிப் பயம் உண்டு. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் தொடாமல் இறக்காதீர்கள். முதுகுச் சதையைக்கூட இளம்சிவப்பாக விடவேண்டாம்; மெல்லியதாகச் சீவி மிளகும் சோம்பும் போட்டுச் சுக்காவாக முழுக்க வேகவைத்து எடுப்பது உத்தமம்.